படத்தைப் பார்த்துச் செய்த ராக்கெட்டும் யாரும் கேட்காத டிராயிங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட அளவில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதைத் தொடர்ந்து இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். நிலாவில் கலம் இறக்கிய நாட்டில், அமெரிக்கக்காரன் அந்தக் காலத்தில் விற்ற பொம்மை ராக்கெட்டைப் பார்த்து நம் பிள்ளைகள் காப்பியடிப்பதால் யாருக்கு என்ன பயன் என்று அவர் கேட்டிருந்தார். அந்தப் பொம்மையைச் செய்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வழி காட்டியவன் நான். அதனால் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். அளவுகள் வரும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஓசூரில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். இரும்பை உருக்கி ஊற்ற மண்ணில் அச்சு வேண்டும். அந்த அச்சைப் பதிக்க மரத்தில் ஒரு உருவம் வேண்டும். அதைச் செய்வது என் வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதால் எங்கள் ஸ்கேலே தனி. அதில் ஒரு மீட்டர் என்றால், கடையில் வாங்கும் ஸ்கேலில் ஒரு மீட்டரும் 10 மில்லிமீட்டரும். டிராயிங்கோடு வரும் வேலை ஒரு பக்கம் என்றால், டிராயிங்கே இல்லாமல் வரும் வேலை இன்னொரு பக்கம். உடைந்துபோன கைச்சக்கரத்தில் பாதியைக் கொண்டுவருவார்கள். அதுவும் இல்லாவிட்டால் மெஷினோடு வந்த பழைய புத்தகத்தில் ஒரு படத்தை விரித்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும் மேஸ்திரி" என்பார்கள். படத்திலிருந்து பொருளை வெளியே எடுக்கிற வித்தைதான் எனக்குச் சோறு போட்டது.

ராக்கெட் கிறுக்கு பிடித்தது பெங்களூரு அவென்யூ ரோட்டில். பழைய புத்தகக்காரர் நடைபாதையில் விரித்திருந்த குவியலில், மேலட்டை போன ஒரு கேட்லாக் கிடந்தது. எஸ்டஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியுடையது. பக்கத்துக்குப் பக்கம் ராக்கெட். ஒவ்வொன்றின் கீழும் நீளம், விட்டம், எடை, விலை. கூடவே அந்த ராக்கெட்டைப் பற்றி ஆளை மயக்கும் நாலு வரி. சாமான் வாங்க அமெரிக்காவுக்குப் பணம் அனுப்பும் நிலைமை எனக்கு இல்லை. ஆனால் படம் இருக்கிறது, இரண்டு அளவு இருக்கிறது, என்னிடம் மரமும் கடைசல் மெஷினும் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று ஆரம்பித்தது இன்னும் விடவில்லை. "பேரனோடு விளையாட வேண்டிய வயசில் இவர் பேரன் மாதிரி விளையாடுகிறார்" என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

பொம்மை என்று அந்த வாசகர் சொன்னாரே, அந்தப் பொம்மை வந்த கதையையும் அவர் தெரிந்துகொள்ளட்டும். நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்போக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்தவர் ஆர்வில் கார்லைல். வாணவேடிக்கையில் கைதேர்ந்த மனிதர். அவரும் அவருடைய சகோதரர் ராபர்ட்டும் சேர்ந்து 1954-ல் காகிதக் குழலில் ஒரு சின்ன ராக்கெட் செய்தார்கள். மேலே போனதும் தானாகவே பாராசூட்டை விரித்து இறங்கும். வெடிமருந்து அடைத்த குப்பியை மாற்றிவிட்டு மறுபடியும் விடலாம். அந்தச் சமயத்தில் அங்கே பையன்கள் இரும்புக் குழாயில் கண்ட மருந்தையும் அடைத்துக் கொளுத்தி, விரலையும் கண்ணையும் சிலர் உயிரையும் இழந்துகொண்டிருந்தார்கள். வொயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் என்பவர் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத, அதைப் படித்த கார்லைல் தன் ராக்கெட்டை அவருக்குத் தபாலில் அனுப்பினார். அது 1957. அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவின் ஸ்புட்னிக் மேலே போனதும் அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் பைத்தியம் தலைக்கேறிவிட்டது. கேட்ட அளவுக்கு மருந்துக் குப்பிகளைக் கையால் செய்து மாளவில்லை. வெர்ன் எஸ்டஸ் என்ற இளைஞர் அதற்கென்றே ஒரு மெஷின் கட்டி, அதற்கு மேபெல் என்று செல்லப்பெயரும் வைத்தார். பிறகு கொலராடோவில் பென்ரோஸ் என்ற சிற்றூரில் நிலம் வாங்கித் தொழிற்சாலை போட்டார். அங்கிருந்து தபாலில் வீடு வீடாகப் போனவைதான் நான் சொல்லும் கேட்லாக்குகள். ஒரு செருப்புக்கடைக்காரர் ஆரம்பித்துவைத்தது, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் விரல்களைக் காப்பாற்றியது. பொம்மைதான். ஒப்புக்கொள்கிறேன்.

சரி, மாணவி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பெண். அப்பா மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறவர். என் பட்டறையில் உப்புத்தாள் தேய்ப்பதை வாசலில் நின்று பார்ப்பாள். ஒரு நாள், "தாத்தா, அளவு எல்லாம் நீங்களா வெச்சுக்கறதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. "நானா வெச்சா அது பொய் கண்ணு. படமே சொல்லும். வா, கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அவளுக்குக் கொடுத்தது பிக் பெர்த்தா என்ற ராக்கெட்டின் படம். குண்டான உடம்பு, மொக்கையான மூக்கு, அடியில் நாலு பெரிய வால்சிறகு. வேண்டுமென்றேதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். எஸ்டஸ் கம்பெனி அதை இன்றைக்கும் விற்கிறது. அதனால் கணக்கு போட்டு முடித்த பிறகு விடை சரியா என்று பார்க்க வழி உண்டு. நான் சொந்தமாகச் செய்கிற ஆர்பிட்டல் டிரான்ஸ்போர்ட், முதுகில் ஒரு குட்டி கிளைடரைச் சுமந்து போகிற ராக்கெட். அதெல்லாம் முதல் வேலைக்கு ஆகாது.

கேட்லாக்கில் பிக் பெர்த்தாவின் நீளம் 24 அங்குலம், விட்டம் 1.637 அங்குலம். மில்லிமீட்டரில் 609.6, 41.6. முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் 14.65. அதாவது படம் பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும், ராக்கெட் கேமராவுக்கு நேர்க்குறுக்காக நின்றிருந்தால், படத்தில் நீளத்தை அகலத்தால் வகுக்கும்போது 14.65 வந்தாக வேண்டும். 13.9 வந்தால் என்ன அர்த்தம்? 13.9-ஐ 14.65-ஆல் வகுத்து, வருகிற 0.949-ஐக் கொசைன் அட்டவணையில் தேடிப் பாருங்கள். ராக்கெட் கேமராவை நோக்கியோ, அதை விட்டு விலகியோ சுமார் 18 டிகிரி சாய்ந்திருக்கிறது. அப்படியானால் படத்தில் உள்ள எந்த நீள அளவையும் அப்படியே எடுக்கக் கூடாது. அந்தச் சாய்வுக்கு ஈடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒரு குழந்தைக்குக் காட்டிப் பாருங்கள். காகிதத்தில் தட்டையாகக் கிடந்த படத்துக்கு முன்னும் பின்னும் இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கொசைன் அட்டவணை எதற்கு என்று அவள் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாரும் இடறி விழுகிற இடம் வால்சிறகு. நாலு சிறகு உள்ள ராக்கெட்டைப் படம் எடுப்பவர் பெரும்பாலும் நாலும் தெரியட்டும் என்று பெருக்கல் குறி மாதிரி திருப்பி வைப்பார். அப்போது எந்தச் சிறகும் படத்தின் தளத்தில் இருக்காது, ஒவ்வொன்றும் 45 டிகிரி திரும்பியிருக்கும். நடுக்கோட்டிலிருந்து சிறகின் நுனி 50 மில்லிமீட்டர் என்று படம் காட்டினால், உண்மையில் அது 45 டிகிரியின் கொசைனான 0.707-ஆல் வகுத்து வருகிற 71 மில்லிமீட்டர். மூன்று சிறகு ராக்கெட்டில் ஒன்று நேராகக் கேமராவைப் பார்த்து நின்றால் மற்ற இரண்டும் 30 டிகிரி திரும்பியிருக்கும்; அவற்றுக்கு வகுக்க வேண்டிய எண் 0.866. படத்தில் 52 என்றால் அசலில் 60. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுகுவது அகலவாட்டில் மட்டும்தான். உடம்போடு ஒட்டுகிற அடிப்பக்கத்தின் நீளம் குறுகாது. அதனால் சிறகு பின்னால் சாய்கிற கோணமும் படத்தில் ஒன்று, நிஜத்தில் ஒன்று. இணையத்தில் சிலர் படத்தை அப்படியே டிரேஸ் செய்து வெட்டிய ராக்கெட்டுகளைப் பார்க்கிறேன். எல்லாமே சிறகு ஒடுங்கி, நோஞ்சானாக நிற்கின்றன.

அச்சுப் படத்துக்கே உரிய தொல்லைகள் வேறு. பழைய கேட்லாக் படங்கள் புள்ளி புள்ளியாக அச்சானவை. பூதக்கண்ணாடி வைத்தால் விளிம்பே காணாமல் போய்விடும். கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மங்கலின் நடுவில் பென்சில் கோடு போட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினால், முதலில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து அதையும் சேர்த்துப் பெரிதாக்கச் சொல்லுங்கள். நீளத்தில் ஒரு மாதிரியும் அகலத்தில் ஒரு மாதிரியும் இழுக்கிற மெஷின்கள் உண்டு. போனில் படம் எடுத்தால் கிட்டே போகாமல் எட்ட நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டும். கிட்டே போனால் நேர்கோடெல்லாம் வயிறு தள்ளும். கேட்லாக் படத்தில் இருப்பது பல சமயம் கம்பெனிக்காரர்கள் முதலில் கையால் செய்த மாதிரியாக இருக்கும், டப்பாவில் விற்றதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கோடு படத்திலிருந்து எடுத்தது, எது கணக்கில் வந்தது, எது ஊகம் என்று டிராயிங்கில் தனித்தனியாகக் காட்டு என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். அவள் மூன்று நிறத்தில் போட்டாள். நீலம் படம், கறுப்பு கணக்கு, சிவப்பு ஊகம். படத்தில் ராக்கெட்டின் முதுகுப்பக்கம் தெரியவில்லை என்பதால் பின்பக்கத்துப் பெயின்ட் கோடு முழுவதும் சிவப்பு. எந்த இன்ஜினியரிங் காலேஜில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சாமான்களெல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும். எஸ்டஸின் குழல் இங்கே கிடைக்காது. ஆனால் கடையில் 40 மில்லிமீட்டர் பிவிசி பைப் கேட்டால் அதன் வெளிவிட்டம் 40 தான். பைப்பின் மேல் பாலிதீன் தாளைச் சுற்றிவிட்டு, பெவிகால் தடவிய பிரவுன் பேப்பரைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போனால் சுவர் முக்கால் மில்லிமீட்டர் தாண்டும்போது வெர்னியர் அளவுகோலில் 41.6 வந்துவிடும். காய்ந்ததும் பைப்பை உருவிக்கொள்ளலாம். வால்சிறகுக்கு அமெரிக்கர்கள் பால்சா மரம் போட்டார்கள். இங்கே வரப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் நிற்கிற ஆனைக்கற்றாழை, ஒரு முறை பூத்ததும் செத்துப்போகும். காய்ந்து நிற்கிற அதன் பூத்தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே தெரியாது. அதைப் பலகையாக அறுத்து ஒட்டி, 3 மில்லிமீட்டருக்கு இழைத்தால் பால்சாவுக்குக் கிட்டத்தட்ட ஈடு. நார் ஓடும் திசை சிறகின் முன்விளிம்போடு ஒத்துப் போக வேண்டும். உடம்போடு ஒத்துப் போகும்படி வெட்டினால் முதல் தடவை தரையில் இடித்ததுமே நார் வாக்கில் பிளந்துகொள்ளும். சாண்டிங் சீலர் அடித்து, 220-ம் நம்பர் உப்புத்தாள், மறுபடி சீலர், அப்புறம் 400. நாரின் பள்ளம் மறைகிற வரைக்கும் பெயின்ட் டப்பாவைத் திறக்க விடமாட்டேன்.

மூக்குக்கு வெப்பாலை மரம். கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் பொம்மை கடைகிற அதே மரம்தான். உளியில் வெண்ணெயாகப் போகும், நார் தூக்காது. முதலில் மூக்கின் வளைவை மட்டும் கிராப் பேப்பரில் எடுத்து, அதை ஒரு டின் தகட்டில் ஒட்டி, வளைவின் உள்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சுகிற வெளிப்பக்கத்தை டெம்ப்ளேட் ஆக்கிக்கொள்ள வேண்டும். மெஷினை நிறுத்திவிட்டு டெம்ப்ளேட்டை மரத்தின் மேல் வைத்து, அந்தப் பக்கம் ஒரு பல்பைப் பிடித்துப் பார்த்தால், மரம் எங்கே குறைவோ அங்கே வெளிச்சக் கோடு தெரியும். எங்கே வெளிச்சம் இல்லையோ அங்கேதான் இன்னும் எடுக்க வேண்டும். அந்தப் பெண் உளி பிடிக்கவில்லை. அதை நான் செய்தேன். ஆனால் பல்பைப் பிடித்தது அவள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தாத்தா, மேல கொஞ்சம் ஒளி வருது, கீழ அடைச்சிருக்கு" என்று கடைசி வரைக்கும் விடவில்லை. முடிந்தபோது தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு முடி நுழையாது.

இவ்வளவையும் சுமந்துகொண்டு அவள் கண்காட்சிக்குப் போனாள். ராக்கெட் மேஜை மேல். மூன்று நிற டிராயிங் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பக்கத்தில். நடுவர்கள் வந்தார்கள். "இதில் ஓடும் பாகம் எது?" என்று கேட்டார்கள். ஓடும் பாகம் இல்லை என்றாள். "லைட் எரியுமா?" எரியாது. போய்விட்டார்கள். சுருட்டி வைத்திருந்த தாள் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பரிசு வாங்கியது ஆன்லைனில் கிட்டாக வாங்கிப் பொருத்திய ஒரு சாமான்; பட்டனை அமுக்கினால் சத்தம் வரும், நீல விளக்கு எரியும். அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருகாணியைச் சரியாகத்தான் முடுக்கியிருந்தான். ஆனால் அதன் அளவுகளை யார் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் பதில் டப்பாவின் மேல் அச்சாகியிருந்திருக்கும்.

காப்பி என்று குறை சொன்ன வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்திரயான் பெயரைச் சொன்னால் வாதம் முடிந்துவிடும் என்று பலருக்கு நினைப்பு. கேரளத்தில் தும்பா ஏவுதளத்திலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதலில் கிளம்பிய ராக்கெட் நம்முடையது அல்ல, அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. பிறகு பிரான்சின் சென்டார் ராக்கெட்டை இங்கேயே செய்ய உரிமம் வாங்கினோம். நாமே வடிவமைத்த ரோகிணி, 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு ராக்கெட், 1967 நவம்பரில்தான் பறந்தது. அடுத்தவன் செய்ததை அளந்து, அவிழ்த்து, மறுபடி பூட்டித் தெரிந்துகொண்ட பிறகுதான் சொந்தச் சரக்கு வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுச் சாமான்தானா கிடைத்தது என்றால், அதற்கும் பதில் நம் காலடியிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் சேர்ந்த இந்தப் பாரமகால் சீமை 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போகும் வரை ஹைதர், திப்புவின் ஆட்சியில் இருந்தது. அவர்களுடைய ராக்கெட் இரும்புக் குழலில் மருந்து அடைத்து மூங்கில் கழியில் கட்டியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் தன் ராக்கெட்டைச் செய்தார். அதாவது வெள்ளைக்காரன் நம்முடையதைக் காப்பியடித்தான். அமெரிக்காவில் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே வரவேற்பறைச் சுவரில் திப்பு படையின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து அசந்து நின்றதை அவரே எழுதியிருக்கிறார். 2018-ல் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. அந்தச் செய்திப் படங்களை வெட்டி வைத்திருக்கிறேன். படத்தில் குழலுக்குப் பக்கத்தில் தெரிந்த அளவுள்ள ஒரு பொருள் மட்டும் இருந்துவிட்டால், அந்தப் பெண்ணுக்கு அடுத்த வேலை அதுதான். உள்ளே மருந்து இல்லாமல், சொல்லவே வேண்டியதில்லை.

மருந்து பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கிற பையன்களுக்கு மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். தீபாவளி வெடியைப் பிரித்து மருந்தைக் குழலில் அடைக்கலாமே என்று ஓடும். கூடாது. அமெரிக்கப் பிள்ளைகள்கூட மருந்தைத் தொடுவதில்லை. காகிதக் கூட்டில் தொழிற்சாலையிலேயே அடைத்து வருகிற மோட்டார், 18 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். அதன் மேல் ஏ8-3 என்பது போல எழுதியிருக்கும். எழுத்து அதன் மொத்த உந்துதலைச் சொல்லும், ஏ-யைவிட பி இரண்டு மடங்கு, பி-யைவிட சி இரண்டு மடங்கு என்று போகும். 8 என்பது சராசரி விசை எத்தனை நியூட்டன் என்பது. 3 என்பது எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ள எத்தனை விநாடி ஆகும் என்பது. பற்றவைப்பது மின்சாரத்தில், ஐந்து மீட்டராவது தள்ளி நின்று. இங்கே அந்த மோட்டார் கடையில் வாங்கக் கிடைக்கிற சாமான் அல்ல. நாமே செய்வது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்படியும் அதன் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் இல்லாமல் செய்யக் கூடாத காரியம். சட்டம் கிடக்கட்டும். 2023 ஜூலையில் பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தபோது என்ன நடந்தது என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பறக்கவிட வேறு வழி இருக்கிறது. அரை இஞ்ச் பிவிசி பைப்பின் ஒரு முனையில் காலி இரண்டு லிட்டர் பாட்டிலை டேப் போட்டுச் செருகி, மறுமுனையை எல்போ போட்டுத் திருப்பி வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள். அதே பைப்பில் சுற்றி எடுத்த காகித ராக்கெட்டை மேலே மாட்டி, பாட்டிலைக் காலால் ஓங்கி மிதித்தால் போதும், தென்னை உயரத்துக்குப் போகும். கேட்லாக் ராக்கெட்டின் சிறகையும் மூக்கையும் அதே விகிதத்தில் சின்னதாக்கி இந்தக் காகிதக் குழலில் ஒட்டலாம். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் வெட்டி, ஸ்கேலின் விளிம்பில் சமநிலையாக நிறுத்திப் புள்ளி வையுங்கள். காற்று தள்ளுகிற மையம் தோராயமாக அது. அசல் ராக்கெட்டின் எடை மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால், மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு குழல் விட்டம் தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள். அப்புறம் எடை மையத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினால், மூக்கு முன்னால் போகிறதா, வால் முன்னால் வருகிறதா என்று ராக்கெட்டே சொல்லிவிடும். நாசாவில் வேலை பார்த்த ஜேம்ஸ் பேரோமேன் 1966-ல் இதற்கெல்லாம் துல்லியமான சூத்திரம் கொடுத்தார். பின்லாந்தில் ஒரு மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக எழுதிய ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கை நொடியில் போட்டுக் கொடுக்கிறது. பள்ளிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் முதலில் அட்டையை வெட்டட்டும் என்பேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கண்காட்சியில் மதிப்பெண் போடும் தாளில் ஒரு கட்டம் சேருங்கள்: பொருளோடு அளவு போட்ட டிராயிங் இருக்கிறதா, அதை வரைந்தது மாணவர்தானா. இருந்தால் நூற்றுக்கு நாற்பது. அந்த டிராயிங்கை விரித்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், "இந்த அளவு எங்கிருந்து வந்தது?" என்று. கடையில் வாங்கிய கிட்டும் வரட்டும், விளக்கும் எரியட்டும், அதற்கு மீதி அறுபது இருக்கிறது. நடுவர்களாக ஆசிரியர்களை மட்டும் போடாமல், ஓசூர் தொழிற்சாலைகளில் ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்திருக்கும் டூல்ரூம் ஆட்களில் ஒருவரையாவது மேஜைக்கு மேஜை அனுப்புங்கள். அவர் வெர்னியரோடு வருவார். எந்தப் பிள்ளை வேலை செய்தது, எந்தப் பிள்ளையின் அப்பா வேலை செய்தார் என்பது அவர் குனிந்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை மாணவர் பக்கத்தில் ஒரு பழைய பொருளின் படத்தைப் போடுங்கள். ராக்கெட்தான் என்று இல்லை. ஏற்றக் கலயமாக இருக்கலாம், செக்கு உலக்கையாக இருக்கலாம், கே.ஆர்.பி. என்கிற நம் கிருஷ்ணகிரி அணையின் மதகாகக்கூட இருக்கலாம். கீழே தெரிந்த அளவு இரண்டு மட்டும் கொடுத்து, மீதியைக் கண்டுபிடித்து டிராயிங் அனுப்பச் சொல்லுங்கள். வருகிற தாள்களைத் திருத்திக் கொடுக்க நான் தயார், சம்பளம் வேண்டாம். ஆனால் படத்தைப் பக்கத்தில் அடக்குவதற்காக ஒரு பக்கம் மட்டும் நெருக்கியோ, ஓரத்தை வெட்டியோ போடாதிருக்க லே-அவுட் செய்பவரிடம் கொஞ்சம் சொல்லிவையுங்கள். போன வாரம் முதல் பக்கத்தில் வந்த பஸ் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேட்டர்ன் மேக்கர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.